இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

முதல் கேள்வி சின்னதுதான்:
ஏன் எங்கள் கல்லூரி?
அந்த ஊரை நான் பார்த்ததில்லை.
செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஏரி,
ஏரிக்கரையில் செங்கல் கட்டடம்,
கார் நிறுத்துமிடத்தில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பதை
உப்பு என்றுதான் நினைத்தேன்.
நிறைய யோசித்து எழுதினேன்:
உங்கள் நூலகம் இரவு இரண்டு மணிவரை திறந்திருக்கிறது.
உண்மையான காரணம் அதுதான்.
நூறு சொல் கேட்கிறார்கள்.
என்னிடம் இருப்பது ஆறு.

அடுத்தது,
நீ கடந்து வந்த சவால் ஒன்றை விவரி.

"தானே புயலை எழுதுடி" என்றாள் ஷமீனா.
முதுநகரில் அவள் அண்ணன் கடை,
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின்.
தானே வந்தபோது எனக்கு மூன்று வயது.
நினைவிருப்பது
மூன்று நாளும் பிஸ்கட் மட்டுமே தின்ற சந்தோஷம்.
"சுனாமி?"
நான் பிறக்கவேயில்லை.
"அப்பா கை?"

பதில் சொல்லாமல்
மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு அப்பாவிடமே கேட்டேன்.
ஷிஃப்ட் முடிந்து வந்து
ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"எழுதிக்கயேன்.
எடது கைன்னு சரியா போடு.
வலது நல்லாத்தான் இருக்கு."

எழுதினேன்.
நாளிதழ்க் கட்டுரை மாதிரி இருந்தது, அழித்தேன்.
எழுதினேன்.
நிதி வசூல் நோட்டீஸ் மாதிரி இருந்தது.
மறுபடி எழுதியதில்
அப்பா அன்றைக்குப் போகாமலிருந்திருக்கலாம்
என்றொரு வரி வந்தது.
போகாமலிருந்திருக்கலாம்.
நமக்கு ஒரே சொல்.
ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து சொல் கழித்துக்கொள்கிறார்கள்.
கீழே எண் சிவப்பானது.
அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு
கையை எடுத்துவிட்டேன்.
பிறகு வரியையும்.
கடைசியில் சவால் என்று நான் எழுதியது
பதினோராம் வகுப்பில் சைக்கிள் கற்றுக்கொண்டதை.
எல்லாரும் பார்க்கத்தான் விழுந்தேன், அது பொய்யில்லை.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன்.
எங்கள் சமூகத்துக்கு நீ என்ன கொண்டுவருவாய்?
எங்கள் என்று நானாகப் படித்துக்கொண்டேன்.
அவர்கள் எழுதியிருக்கும் சொல்லில்
நான் உள்ளேயா வெளியேயா, தெரியாது.
தமிழென்றால் ஒளிக்க முடியாது.
எங்கள் என்றால் கதவு சாத்தியிருக்கிறது.
நம் என்றால்
ஏற்கெனவே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

என்ன கொண்டுவருவேன்?
மூக்கைக் கொண்டுவருவேன்.

சிப்காட் பக்கம் எங்கள் தெரு.
கனகாவும் நானும்
தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம்
நான்கு வருடமாகக் குறித்துவைக்கிறோம்.
இரவு பதினொன்றரை, அழுகிய முட்டை.
விடிகாலை நாலு, நெயில் பாலிஷ்.
ஐப்பசி பதினேழு, பழுத்த பலா.
(பண்ருட்டியில் சீசன் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.)
மனு கொடுக்கப்போன இடத்தில்
"வாசனைக்கெல்லாம் ஆதாரம் ஏதும்மா?" என்றார்கள்.
அதனால் கனகா நேரத்தையும் எழுதத் தொடங்கினாள்,
பிறகு காற்றின் திசை,
பிறகு அன்றைக்கு யாருக்கெல்லாம் தலைவலி என்று.
வேதியியலை எனக்கு அப்படித்தான் பிடித்தது.

இதை எழுதும்போது
எண்ணைப் பார்க்கவேயில்லை.

அவர்களுக்கு டிசம்பர் முப்பத்தொன்று நள்ளிரவுவரை கெடு.
நமக்குப் புத்தாண்டு, காலை பத்தரைக்குள்.
தெருவெல்லாம் கலர்க்கோலம்.
ஷமீனாவின் அண்ணன் தூக்கக் கண்ணோடு வந்து
ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டார்.
குனிந்து நுழைந்தேன்.
இருநூற்று நாற்பத்தொன்பது.
ஒரு சொல் மிச்சம்.
"வீணாக்காதே, எதையாவது போடு" என்றாள்.
மிகவும் என்று போட்டுப் பார்த்தேன், எடுத்துவிட்டேன்.

சக்கரம் சுற்றியது. நின்றது. சுற்றியது.
பெற்றுக்கொண்டோம் என்றார்கள்.
ஷமீனா கத்திய கத்தலில்
எதிர்க்கடை நாய் எழுந்துகொண்டது.

காற்று திரும்பி
பாதி ஷட்டருக்குக் கீழே ஏதோ உள்ளே வந்தது.
முட்டை இல்லை. பலா இல்லை.
ஜெராக்ஸ் தாள் ஒன்றை உருவி
பின்பக்கம் குறித்தேன்:
பத்து இருபத்தாறு.
புதுசு. பெயர் தெரியவில்லை.